நிலத்தின் ஏடுகளில் ஒரு பாட்டனார்: அயர்லாந்து மூதாதையைத் தேடும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், திருச்சிப் பொன்மலை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தாருள், அயர்லாந்திலிருந்து சிப்பாயாக வந்த ஒரு பாட்டனாரின் பூர்வீகத்தை அறிய விரும்பும் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம்.

உங்களுள் பலருடைய இல்லங்களில் மர்ஃபி என்றோ ஓபிரையன் என்றோ டாய்ல் என்றோ ஒரு குடும்பப் பெயரும், அப்பெயரைக் கொண்டுவந்தவர் அயர்லாந்து தேசத்தார் என்ற வாய்மொழிச் செய்தியும், அதற்குமேல் ஊர் இன்னது, தகப்பனார் இன்னார் என்று சொல்ல இயலாத ஒரு வெறுமையும் இருந்துவருவதை நான் அறிவேன். அவ்வெறுமையை நிரப்பப் பிரயத்தனப்பட்டவர்களிலும் பலர், தாம் கோரும் காலத்துக் குடிக்கணக்கு ஏடுகள் எங்குமே இல்லை என்று கேள்விப்பட்ட அளவில் மனம் தளர்ந்து, தேடுதலை அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். அதைக் கண்டு எனக்கு உண்டான வருத்தமே இம்மடலை எழுதத் தூண்டிற்று. நான் சொல்ல விரும்புவது ஒன்றே: அயர்லாந்தில் மனிதரைக் குறித்து எழுதிவைத்த ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று; நிலத்தைக் குறித்து எழுதிவைத்த ஏடுகளில் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது. ஆகையால் அந்நாட்டு மூதாதை ஒருவரைப் பெயர் கொண்டு தேடுவதைக் காட்டிலும், அவருடைய தகப்பனார் குத்தகைக்கு உழுத வயலைக் கொண்டு தேடுவதே பலன் தரும் மார்க்கம்.

அழிவு எவ்வளவு பெரிது என்பதை முதலில் உணர்ந்துகொள்வது நல்லது. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கு மூல ஏடுகள், டப்ளின் நகரத்தில் லிஃபி நதிக்கரையில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தன. உள்நாட்டுப் போர் மூண்ட 1922ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் தேதி நிகழ்ந்த வெடிப்பிலும் தீயிலும், சிற்சில பகுதிகளின் துண்டுகள் நீங்கலாக, அவையனைத்தும் சாம்பலாயின. மறைமாவட்ட நீதிமன்றங்களில் பதிவான உயில்களும் அரசாங்கச் சபையாகிய புரொட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கோயில்களின் ஞானஸ்நான ஏடுகளும் அவற்றோடு போயின. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஆகியவை முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. எல்லா மதத்தினருக்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கிற்று. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளோ, விசேஷமாக மேற்குப் பிரதேசங்களில், மிகப் பிற்காலத்திலேயே ஆரம்பமாகின்றன. இப்படி எல்லா வாயில்களும் அடைபட்டது போலத் தோன்றும் வேளையில் திறந்திருக்கும் ஒரு வாயில் நிலம்.

எனினும் நிலத்தை அணுகுமுன் இங்கேயே செய்து முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேர்ந்தவருள் அயர்லாந்தினர் மிகப் பெருந்தொகையினர். சென்னை ராஜதானியின் ஐரோப்பியப் படைப்பிரிவே பிற்காலத்தில், 1881இல், ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பெயர் பெற்ற படையின் ஒரு பாதியாயிற்று. அச்சிப்பாய்களின் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகவே பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842இல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தனர் என்பதை நினைத்தால், அச்சமூகம் இம்மண்ணில் எவ்வளவு பரந்திருந்தது என்பது விளங்கும். கம்பெனி தன் சிப்பாய்களைப் பற்றிச் சிரத்தையோடு கணக்கு வைத்திருந்தது. பட்டாளத்தில் சேர்ந்தவனுடைய பெயர், வயது, முன்னைய தொழில், பிறந்த கவுண்டி, பிறந்த ஊர் அல்லது பாரிஷ், ஏறிவந்த கப்பல் முதலிய விவரங்களைக் கொண்ட பதிவேடுகளும், சென்னை ராஜதானிக் கோயில்களிலிருந்து அனுப்பப்பட்ட ஞானஸ்நான, விவாக, அடக்க ஏடுகளின் பிரதிகளும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களோடு இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கவுண்டியும் பாரிஷும் தெரியாமல் நில ஏடுகளைப் புரட்டுவது பயனற்றது. முப்பத்திரண்டு கவுண்டிகளிலும் ஒரே பெயருடையோர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சிப்பாயின் ஏட்டில் கிங்ஸ் கவுண்டி என்றோ குவீன்ஸ் கவுண்டி என்றோ எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். முன்னது இன்று ஆஃபலி என்றும், பின்னது லீஷ் என்றும் வழங்குகின்றன.

பாரிஷ் கிடைத்தபின் அடுத்துத் தேடவேண்டியது டவுன்லேண்டு. நகரம் என்னும் பொருள் அதற்கு இல்லை. சில வயல்களும் சில குடிசைகளும் அடங்கிய, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்ட காலத்திலிருந்தே வழங்கிவரும் மிகச் சிறிய நிலப்பிரிவு அது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் அந்நாட்டில் உள்ளன. 1820களில் கர்னல் தாமஸ் கோல்பியின் தலைமையில் தொடங்கிய சர்வே, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் படமாக வரைந்து, அப்பெயர்களுக்கு ஒரு நிலையான எழுத்து வடிவைத் தந்தது. ஜான் ஓடானவன் என்னும் பேரறிஞர் ஊர் ஊராக நடந்து முதியோரிடம் கேட்டு அப்பெயர்களைத் திரட்டினார். அவற்றையெல்லாம் அகரவரிசைப்படுத்திய ஒரு பெரும் அட்டவணை 1861இல் அச்சாகியுள்ளது. அதை அருகில் வைத்துக்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது.

இனி நில ஏடுகளுள் தலைமையானதற்கு வருகிறேன். சர் ரிச்சர்டு கிரிஃபித் என்ற நிலநூல் வல்லுநரின் மேற்பார்வையில், ஏழைகளின் நிவாரணத்துக்காக விதிக்கப்படும் வரியை நிர்ணயிக்கும் பொருட்டு, அயர்லாந்தின் ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு வீடும் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்பீடு 1847 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அச்சிடப்பட்டது. நம் நாட்டுக் கிராமக் கணக்கரின் அடங்கலைப் பார்த்தறிந்தவர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. முதல் பத்தியில் வரைபட எண். அடுத்து அனுபோகத்தில் இருப்பவர் பெயர். அதற்கடுத்து அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் பெயர். பிறகு சொத்தின் வருணனை. ஏக்கர், ரூடு, பெர்ச் என்ற விஸ்தீரணம். கடைசியில் நிலத்துக்கும் கட்டடத்துக்குமான வருஷ மதிப்பு. வரைபட எண்ணோடு சேர்ந்த சிற்றெழுத்துக்கள் வீடுகளைக் குறிப்பவை. அவற்றைக் கொண்டு ஒரு குடிசை நின்ற இடத்தை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும். ஒரே எண்ணின்கீழ் மூன்று நான்கு பெயர்கள் அடைப்புக்குறியால் பிணைக்கப்பட்டிருந்தால் அவர்கள் ஒரே நிலத்தைக் கூட்டாகப் பயிரிட்டவர்கள். அவர்களுடைய குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்குமாயின் பெரும்பாலும் சகோதரராகவோ பங்காளிகளாகவோ இருப்பார்கள். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பாட்ரிக் மர்ஃபிகள் இருக்கும்போது, அவர்களைப் பிரித்தறிய, பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரையோ தொழிலையோ தலைமயிரின் நிறத்தையோ மதிப்பீட்டாளர் எழுதிவைத்திருப்பார். எந்தப் பங்கு ஏட்டிலும் கிடைக்காத தகப்பனார் பெயர் இப்படி ஒரு வரி ஏட்டின் ஓரத்தில் கிடைத்துவிடுவது உண்டு.

அச்சான புத்தகத்தோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. அதற்கு ஆதாரமாகக் களத்தில் எழுதப்பட்ட வீட்டுப் புத்தகங்கள், வயல் புத்தகங்கள், குத்தகைப் புத்தகங்கள் ஆகியவை டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளாக உள்ளன. அச்சுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக எழுதப்பட்டவை ஆதலால், இடைக்காலத்தில் இறந்தவரும் ஊரைவிட்டு அகன்றவரும் அவற்றில் மட்டுமே காணப்படுவார்கள்.

கிரிஃபித்துக்கு ஒரு தலைமுறை முற்பட்டவை தசமபாக ஏடுகள். நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருந்தும், அரசாங்கச் சபையின் குருமாரைப் பேணுவதற்கு எல்லா உழவரும் தம் விளைச்சலில் பாகம் கொடுக்கவேண்டியிருந்த அநீதியின் சாட்சியங்கள் அவை. அப்பாகத்தைப் பணமாக மாற்ற 1823இல் சட்டம் வந்தது. அதன்படி 1837 வரையில் பாரிஷ் தோறும் நிலம் வைத்திருப்போர் பெயரும் விஸ்தீரணமும் எழுதப்பட்டன. நகரத்தாரும் நிலமற்ற கூலிகளும் அவற்றில் இல்லை. அங்கே பெரும்பாலும் எழுதப்படும் ஏக்கர் அயர்லாந்து ஏக்கர், அதாவது வழக்கமான ஏக்கரைப்போல் 1.62 மடங்கு என்பதைக் கவனித்தால்தான், தசமபாக ஏட்டில் பத்து ஏக்கர் வைத்திருந்தவரும் கிரிஃபித்தில் பதினாறு ஏக்கர் வைத்திருந்தவரும் ஒருவரே, நிலம் அதே நிலமே என்பது புலப்படும்.

இவ்விரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் நெஞ்சு கனக்காமல் இருக்க முடியாது. முன்னதில் ஒரு டவுன்லேண்டில் இருபது பெயர் இருக்க, பின்னதில் ஐந்து பெயரும் பரந்த ஒரு மேய்ச்சல் நிலமும் இருக்கும். இடையில் நேர்ந்தது 1845இல் உருளைக்கிழங்கு அழுகிய நோயோடு தொடங்கிய பெரும்பஞ்சம். 1841இல் எண்பது லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 1851இல் அறுபத்தைந்து லட்சமாகக் குறைந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர், அதற்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். நான்கு பவுனும் அதற்குக் கீழும் மதிப்புள்ள நிலங்களுக்கு வரியை நிலச்சுவான்தாரே செலுத்தவேண்டும் என்று 1843இல் ஏற்பட்ட விதி, ஏழைக் குடியானவரை வெளியேற்றினால் தனக்கு லாபம் என்ற எண்ணத்தை அவனுக்கு ஊட்டிற்று. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் நிவாரணம் பெறத் தகுதியற்றவன் என்று 1847இல் வந்த விதியோ, பசித்த குடும்பங்கள் கஞ்சிக்காகத் தம் நிலத்தைத் தாமே கைவிடும்படி செய்தது. ஆகவே உங்கள் பாட்டனாரின் தகப்பனார் முன்னேட்டில் இருந்து பின்னேட்டில் இல்லையென்றால், தேடுதல் தோற்றுவிட்டதாகக் கருத வேண்டாம். சிப்பாயின் ஏட்டில் அவர் பட்டாளத்தில் சேர்ந்த ஆண்டு 1846 என்றோ 1847 என்றோ இருக்குமானால், ஒரு வாலிபன் எதற்காக அந்தச் செந்நிறச் சட்டையை அணிந்தான் என்பதற்கு, இவ்விரண்டு ஏடுகளுக்கும் இடையே உள்ள அந்த மௌனமே விடை சொல்லக்கூடும்.

பஞ்சத்துக்கும் முற்பட்ட காலத்துக்குச் செல்ல விரும்புவோர் பத்திரப் பதிவகத்தை நாடவேண்டும். 1708இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம் டப்ளின் ஹென்றியெட்டா வீதியில் தனிக் கட்டடத்தில் இருந்தமையால் 1922இன் தீ அதைத் தீண்டவில்லை. அங்குள்ளவை மூலப் பத்திரங்கள் அல்ல. விக்கிரயம், குத்தகை, அடமானம், விவாக உடன்படிக்கை முதலியவற்றின் பதிவுச் சுருக்கங்கள். அவற்றுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக்கொடுத்தவர் பெயரால் அமைந்தது, மற்றொன்று நிலத்தின் பெயரால் அமைந்தது. எழுதி வாங்கியவர் பெயரால் அட்டவணை இல்லாதது பெரிய இடர். ஏனெனில் நாம் தேடும் ஏழைக் குடியானவர் எப்போதும் வாங்குபவரே அன்றிக் கொடுப்பவர் அல்லர். பெயர் அட்டவணையோ 1833க்கு முன் கவுண்டியைக்கூடக் குறிப்பிடுவதில்லை. ஆகையால் டவுன்லேண்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதைப் பற்றிய ஒவ்வொரு சுருக்கத்தையும் பொறுமையோடு வாசிப்பதே வழி.

அவ்வாறு வாசிப்பவர் அக்காலச் சட்டத்தின் கொடுமையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1704ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலத்தை விலைக்கு வாங்குவதையும் முப்பத்தொரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பெறுவதையும் தடுத்தது. 1778இல்தான் அவர்களுக்கு நீண்ட குத்தகை கிடைத்தது. நிலம் வாங்கும் உரிமை 1782இல் வந்தது. பதிவகமே அத்தடைகளைக் காப்பதற்கு ஒரு கருவியாக உருவானதுதான். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் அங்கே தென்படாதது அக்குடும்பம் இல்லை என்பதற்குப் பிரமாணம் ஆகாது.

ஆனால் அத்தடை தளர்ந்தபின் எழுந்த குத்தகைகளுள் ஒரு வகை, வம்சாவளி தேடுவோருக்குப் பெரும் பொக்கிஷமாகும். இத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல், மூன்று பேருடைய ஆயுள் உள்ளவரைக்கும் என்று எழுதிக்கொடுப்பது அந்நாட்டில் அக்கால வழக்கமாயிருந்தது. குறிப்பிட்ட மூவரில் கடைசியானவர் இறக்கும்வரை குத்தகை செல்லும். நீண்ட ஆயுளை எதிர்பார்த்துக் குடியானவர் தம் இளம்பிள்ளைகளின் பெயரையே கொடுப்பார். இன்னாருடைய இரண்டாம் மகன், வயது ஏறக்குறைய ஒன்பது என்று பத்திரத்திலேயே எழுதப்படும். 1793இல் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை கிடைத்தபோது, இத்தகைய ஆயுட்குத்தகையே அவ்வுரிமைக்குத் தகுதியாக இருந்தமையால், நிலச்சுவான்தார்கள் தம் செல்வாக்குப் பெருக்கத்துக்காக அவற்றைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1829இல் அச்சிறு வாக்காளர்களின் உரிமை பறிக்கப்பட்டது.

இங்கே உங்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று இருக்கிறது. யாருடைய ஆயுளைப் பற்றிக் குத்தகை நிற்கிறதோ அவர் கடல் கடந்துபோய் ஏழு ஆண்டுகள் திரும்பாமலும், உயிரோடிருப்பதற்குச் சாட்சியம் இல்லாமலும் இருந்தால், அவர் இறந்தவராகவே கருதப்படுவார் என்று 1695ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தில் சட்டம் ஏற்பட்டிருந்தது. சிறுவயதில் தகப்பனாரின் குத்தகையில் பெயர் எழுதப்பட்ட ஒரு மகன், பரங்கிமலைப் பட்டாளத்தில் திடகாத்திரமாக இருக்கையில், அவனுடைய ஊரில் அவன் மாண்டவனாக எண்ணப்பட்டு அக்குடும்பம் நிலத்தை இழந்திருக்கக்கூடும். அல்லது அவன் உயிரோடிருப்பதை நிரூபிக்கத் தாயாதிகள் கடிதம் எழுதியிருக்கக்கூடும். அத்தகைய கடிதங்களும் வாடகைக் கணக்குகளும் நிலச்சுவான்தார்களின் எஸ்டேட் காகிதங்களில் அடங்கியிருப்பவை. கிரிஃபித்தின் மூன்றாம் பத்தியில் காணும் குத்தகை விட்டவரின் பெயரைக் கொண்டு அவருடைய எஸ்டேட் எது என்று அறிந்து, டப்ளின் தேசிய நூலகத்திலும், வட பகுதியாயின் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்திலும் விசாரிக்கவேண்டும். கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை ஏலமிடுவதற்கென்று 1849இல் ஏற்பட்ட நீதிமன்றம் அச்சிட்ட விற்பனைப் பட்டியல்களிலும் குடியானவர் பெயர்களும், குத்தகையில் குறித்த ஆயுளுக்குரியோர் பெயர்களும் வருகின்றன.

கிரிஃபித்துக்குப் பிற்பட்ட காலத்துக்கு மதிப்பீட்டுத் துறையின் திருத்தப் புத்தகங்கள் இருக்கின்றன. அனுபோகஸ்தர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, புதிய பெயரை வேறு நிற மையால் எழுதி, ஆண்டையும் குறித்துவைப்பார்கள். தாமஸ் என்ற பெயர் அடிக்கப்பட்டு அதே குடும்பப் பெயருடைய ஜான் வந்தால், ஏறக்குறைய அக்காலத்தில் தாமஸ் இறந்தார் என்று ஊகிக்கலாம். 1864க்குப் பிற்பட்டதாயின் இறப்புப் பதிவில் அதைச் சரிபார்க்கலாம். 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் முதலியவற்றால் குடியானவர் நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தக்காரரானதும் அப்புத்தகங்களில் தெரியும். இவ்வாறு 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் தொட்டு, இன்று அவ்வீட்டில் வாழ்வோர் வரைக்கும் வந்துவிடலாம். அந்நாட்டில் உங்களுக்கு உறவினர் யாரேனும் எஞ்சியிருந்தால், அவர்களை அறிவதற்கு இதைவிட நேரான வழியை நான் அறியேன்.

ஒரு வேண்டுகோள். குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு, கோட்டையும் குலச்சின்னமும் உடைய ஏதோ ஒரு பிரபு வம்சத்தோடு உங்களை இணைத்துத் தருவோரிடம் அருள்கூர்ந்து செல்லாதீர்கள். குலச்சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் சந்ததிக்கும் வழங்கப்படுவதேயன்றி, ஒரு பெயருடைய அனைவருக்கும் உரியதன்று. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பராக் ஒபாமாவின் தாய்வழி மூதாதையாகிய ஃபால்மத் கியர்னி, ஆஃபலி கவுண்டியில் மனிகால் என்னும் சிற்றூரிலிருந்து 1850இல் புறப்பட்டவர். அவருடைய தகப்பனார் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவர்களை அமெரிக்காவுக்கு ஈர்த்ததும் ஒஹாயோவில் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற நிலமே. அந்த எளிய உண்மையைக் கோயில் ஏடுகளிலிருந்து கண்டறிந்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை, அலங்கரிக்கவும் இல்லை. 2011இல் ஜனாதிபதி அவ்வூருக்குப் போய் அம்மக்களோடு கலந்துறவாடினார். ஒரு பவுன் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள குடிசையும் கால் ஏக்கர் தோட்டமும் உங்கள் பாட்டனாருடையது என்று ருசுவானால், அது எந்தப் பிரபுவின் மாளிகையையும்விட உங்களுக்கு உரிமையுடையது.

நிலமே இல்லாத கூலியின் மகனாயிருந்தால் என் செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். சிப்பாய்களில் கணிசமானோர் அத்தகையோரே. பிறர் வீட்டில் தங்கியிருந்த கூலியின் பெயர் எந்த நில ஏட்டிலும் ஏறவில்லை. ஆனால் தனிக் குடிசைக்கு வாடகை கொடுத்தவர் கிரிஃபித்தில் வீடு என்ற ஒற்றைச் சொல்லோடு இடம் பெற்றிருக்கிறார். அவருக்கு அதை விட்டவர் பெரும்பாலும் பக்கத்து உழவர். அந்த உழவரின் பெயரைத் தொடர்ந்து சென்றால், கூலி எவருடைய வயலில் வேலை செய்தார், எந்தக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பவற்றை ஊகிக்கத் துணை கிடைக்கும். ஊகத்தை ஊகம் என்றே எழுதிவையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அதை உண்மையென்று நம்பிவிடும்படி எழுதிவைக்காதீர்கள்.

பெயரின் முன்வரும் ஓ, மேக் என்னும் முன்னொட்டுக்களை அந்நாட்களில் விட்டும் சேர்த்தும் எழுதினார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுத்தும் மாறும். ஆகையால் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடுங்கள். மதிப்பீட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் பிரதி எடுக்கும்போது, பாட்டனாரின் பெயருள்ள வரியை மாத்திரம் எடுக்காமல், அந்த டவுன்லேண்டு முழுவதையும், எல்லைக்கு அப்பாலுள்ள டவுன்லேண்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அவர் விவாகத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவரும், அவர் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாய் நின்றவரும் அவரோடு ஒரே ஊரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அவர்களுடைய குடும்பப் பெயர்களும் அதே பக்கங்களில் அடுத்தடுத்து வருமானால், நீங்கள் சரியான ஊரை அடைந்திருப்பதற்கு அதைவிட வலுவான பிரமாணம் வேண்டியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் ஓர் அன்பன்